நோவு இல்லாத சாலை

மூன்று வாரத்தில் நான்காவது முறையாக நித்திலாவின் கார் லிஃப்ட்டில் ஏறி நின்றது. பின்சக்கரங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். ஒரு வாரம்கூட ஓடாத இரண்டு ஸ்பிரிங்குகள் புதுக்கருக்கு மாறாமல் தரையில் கிடந்தன.

"பொருத்தம் தொண்ணூத்தாறு காட்டுது கண்ணு. இதுக்கு மேல நல்ல செட்டு இந்த ஊர்லயே இல்லை," என்றாள் கடைக்காரி ஸ்டெல்லா, சுவரில் இருந்த திரையைப் பார்த்தபடி.

"போன தடவை தொண்ணூத்தஞ்சு. அதுக்கு முந்தி தொண்ணூத்தி நாலு. இந்த நம்பரெல்லாம் எங்க வீட்டுக்காரர் முதுகுக்குத் தெரியலியேக்கா!"

புதுநொய்யல் நகரத்தில் ஓடும் ஒவ்வொரு காரின் இருக்கைக்கு அடியிலும் சப்பாத்தி அளவில் ஒரு தகடு உண்டு. நோவுமானி என்று பெயர். உட்கார்ந்திருப்பவரின் உடம்பு எவ்வளவு குலுங்குகிறது, தசை எப்போது இறுகுகிறது, மூச்சு எங்கே தடைப்படுகிறது என்று பார்த்து, சாலை தரும் வலியைப் புள்ளிகளாக எண்ணும். அந்தப் புள்ளிகள் இரண்டு இடங்களுக்குப் போயின. ஒன்று, பாகம் விற்கும் கடைகளில் இருந்த பொருத்தி. எந்த வண்டிக்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் போட்டவர்களுக்கு நோவு குறைந்தது என்று நகரம் முழுவதும் கவனித்து, அடுத்து வருகிறவருக்கு நூற்றுக்கு இத்தனை பொருத்தம் என்று அது சொல்லும். இன்னொன்று, செப்பனிகள். ஒரு சாலையின் நோவு எல்லையைத் தாண்டிவிட்டால் போதும். ஆளில்லாத ஆறு இயந்திரங்கள் தாமாகவே வந்து, பழைய தாரைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் போட்டுவிட்டுப் போகும். மனு கிடையாது, மறியல் கிடையாது. ஆறு வருடமாக ஊர் இந்த ஏற்பாட்டை மெச்சிக்கொண்டிருந்தது. நித்திலாவும் மெச்சியவள்தான்.

அவளுடைய கார் சூறை என்ற வகை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மலைப்பாதையில் விட்டால் வளைவுக்கு வளைவு சக்கரம் பிடித்த இடத்தை விடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளும் இன்னும் முப்பது, நாற்பது பேரும் மலையேறுவார்கள். அதற்காகவே பின்பக்கத்துக்கு முறுக்கான ஸ்பிரிங்கும், இணைப்புகளில் ரப்பருக்குப் பதில் உலோகப் புஷ்ஷும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு அவள் கணவன் செங்கோடன், கபடிப் பயிற்சியாளன், பரிசளிப்பு மேடையின் பின்படி உடைந்து மல்லாந்து விழுந்தான். முதுகெலும்பில் இரண்டு திருகாணி. வாரத்துக்கு மூன்று நாள் நீலிப்பள்ளம் சாலையிலுள்ள நடைப்பயிற்சி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பின்சீட்டில் பாதி சாய்ந்தபடிதான் அவனால் பயணிக்க முடியும். அந்தச் சாலையின் கடைசி அறுநூறு மீட்டரில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பான். ஆனால் நோவுமானியிடம் பொய் சொல்ல முடியாது. அவன் வலி எண்ணாக மாறி ஸ்டீரிங்குக்கு மேலே மின்னும். பதினான்கு. பத்தொன்பது. இருபத்திரண்டு.

"அதைப் பார்க்காத. ரோட்டைப் பாரு," என்பான் பின்னாலிருந்து.

அதனால்தான் அவள் தன் முறுக்கு ஸ்பிரிங்குகளைக் கழற்றினாள். முதலில் மிதமானது. பிறகு இன்னும் மெத்தென்றது. பிறகு காற்றடைத்த பை வைத்தது. ஒவ்வொரு தடவையும் புள்ளி கொஞ்சம் குறைந்தது. அறுநூறு மீட்டரில் மட்டும் அவன் மூச்சு நின்றது. வண்டியோ வளைவில் திரும்பச் சொன்னால் யோசித்துவிட்டுத் திரும்பியது. பின்பக்கம் சினை மாடு போல அசைந்து அசைந்து வந்தது.

"எனக்காக உன் வண்டியை மெத்தையாக்காத நித்தி. எனக்கும் வலி போகல, உனக்கும் வண்டி போச்சு," என்றான் செங்கோடன்.

"அப்ப நான் என்னதான் பண்றதுங்க? சொல்லுங்க!" என்று கத்தினாள்.

தொண்ணூற்றாறு செட்டும் மாட்டியாயிற்று. மறுநாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில் நோவு பதினாறு காட்டியது. அவனை உள்ளே விட்டுவிட்டு, நித்திலா வண்டியை எடுக்காமல் அந்த அறுநூறு மீட்டரையும் நடந்தாள். காருக்குள் இருந்து பார்த்தபோது தெரியாதது காலுக்குத் தெரிந்தது. கணுக்கால் புதையும் குழிகள். தார் உரிந்து ஜல்லி பல்லிளித்தது. ஒரு சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். இருசக்கர வண்டிகளுக்கு இன்னும் நோவுமானி வந்தபாடில்லை.

சாலையோரக் கம்பத்தில் இருந்த செப்பனிப் பெட்டியின் பொத்தானை அழுத்திக் கேட்டாள்.

"நீலிப்பள்ளம் சாலை. இவ்வார நோவு, எல்லையில் பதினொரு விழுக்காடு. இச்சாலை நலமாக உள்ளது," என்றது பெட்டி.

"நலமா? முன்னால குழி இருக்கு! கண்ணு இல்லையா உனக்கு?"

"குழி கணக்கில் கொள்ளப்படுவதில்லை. நோவு மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்."

"மனுசங்க யாராவது இருந்தா பேசச் சொல்லு."

"மனிதர் பிரிவு ஆறு ஆண்டுகளுக்கு முன் நிறைவடைந்தது. நன்றி."

பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். கட்டைவிரல்தான் வீங்கியது.

நொண்டிக்கொண்டே ஸ்டெல்லாவின் கடைக்கு வந்தபோது அங்கே வேறொரு கார் லிஃப்ட்டில் நின்றது. பின்பக்கத்தில் காற்றுப்பை.

"இது யாரோடதுக்கா?"

"மூட்டு மாத்தின டீச்சர் ஒருத்தங்க. உங்க ஆஸ்பத்திரிதான்."

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி எத்தனைக்கு நீங்க இதை மாட்டியிருக்கீங்க?"

ஸ்டெல்லா கையைத் துடைத்தபடி யோசித்தாள். "எல்லாத்துக்கும்தான். முதுகு, இடுப்பு, முட்டி... வலிக்காரங்க வேற எதை மாட்டுவாங்க?"

சொல்லும்போதே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள். நோயாளிகள் எல்லாரும் ஊரிலேயே மெத்தென்ற பாகத்தை வாங்கினார்கள். ஸ்பிரிங் குழியை விழுங்கியது, நோவு குறைந்தது, செப்பனிகள் வரவில்லை, குழி ஆழமானது, அவர்கள் இன்னும் மெத்தென்றதை வாங்கினார்கள். வழவழப்பான சாலை யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே சேர்ந்து அதை வராமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னோட பழைய ஸ்பிரிங் எங்கக்கா?" என்றாள் நித்திலா.

"மேல அட்டத்துல கிடக்குது. எதுக்கு?"

"அதைவிடக் கடினமா ஒண்ணு இருந்தாலும் எடுங்க."

அன்று மாலையே பின்பக்கத்தில் பந்தய ஸ்பிரிங், இரும்பு புஷ், கல் போன்ற ஷாக் அப்சார்பர். பொருத்தி நான்கு என்று பொருத்தம் காட்டி, சிவப்பில் எச்சரித்தது. நித்திலா நீலிப்பள்ளம் சாலையில் இருபது தடவை போய் வந்தாள். தண்டுவடம் தலைக்கு ஏறியது போலிருந்தது. நோவு ஐம்பதைத் தாண்டியது. இரவு தகவல் வந்தது: "தங்கள் வாகனத்தில் குறை உள்ளது. பொருத்தியை அணுகவும்."

செங்கோடன் படுத்தபடி சிரித்தான். சிரித்தது முதுகில் குத்தி முகம் சுளித்தான். "ஒத்தை ஆளு கத்துனா கிறுக்கும்பாங்க. ஊரே கத்தணும்."

முப்பது வெவ்வேறு வண்டிகளாவது ஒரே வாரத்தில் நொந்தால்தான் அது சாலையின் குற்றம் என்று இயந்திரம் ஒப்புக்கொள்ளும் என்பதை அவள் விதிமுறையில் தேடிக் கண்டுபிடித்தாள். முறுக்கான ஸ்பிரிங் போட்ட முப்பது வண்டி யாரிடம் இருக்கும்? ஞாயிறு கூட்டாளிகளிடம்தான். ஒவ்வொருவரிடமாகப் பேசினாள். மலையை விட்டுவிட்டுக் குழியில் ஓட்டுவதா என்று பாதிப் பேர் கேட்டார்கள். "ஒரு ஞாயித்துக்கிழமை. அவ்வளவுதான். பின்சீட்ல ஆளும் வேணும். ஆளில்லாத சீட்டுக்கு வலிக்காது," என்று கெஞ்சினாள்.

அவளுடையது போக முப்பத்து நான்கு வண்டிகள் வந்தன. பின்சீட்டுகளில் மனைவிகள், மைத்துனர்கள், ஒரு வண்டியில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து மாட்டிக்கொண்ட சித்தப்பா. காலையிலிருந்து மதியம் வரை அந்த அறுநூறு மீட்டரில் வரிசையாக ஏறி இறங்கினார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். ஒருவருக்கு நாக்குக் கடிபட்டது. மருத்துவமனை வாசலில் நின்ற காவலாளி, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் என்ன ஆயிற்று என்று பதறிப்போய்ச் சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை செப்பனிகள் வந்தன. புதன்கிழமை சாலை கரும்பலகை போலக் கிடந்தது.

வியாழனன்று செங்கோடனை ஏற்றிக்கொண்டு போனாள். பின்பக்கத்தில் மிதமான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தாள், முறுக்குமில்லை, மெத்தையுமில்லை. அறுநூறு மீட்டரும் முடிந்தது. திரையில் மூன்று.

"வந்துட்டமா?" என்றான் அவன். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

நித்திலா திரையில் இருந்த மூன்றை இன்னொரு தடவை பார்த்தாள். "வந்துட்டோம்," என்றாள்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. அடுத்த மாதம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "கண்ணு, கொஞ்சம் கடைக்கு வா. எனக்கு ஒண்ணும் புரியல."

கடை வாசலில் பதினைந்து கார்கள் நின்றன. எல்லாமே குடும்ப வண்டிகள். உள்ளே பொருத்தியின் திரையில், காலையில் வந்துபோன ஓர் ஆம்புலன்ஸின் படம். கீழே பரிந்துரை: பந்தய ஸ்பிரிங், இரும்பு புஷ், கல் போன்ற ஷாக் அப்சார்பர். பொருத்தம் தொண்ணூற்றொன்பது.

"ரெண்டு நாளா எவன் வந்தாலும் இதையே சொல்லுது," என்றாள் ஸ்டெல்லா. "மிஷின் கெட்டுப்போச்சா?"

நித்திலா திரையில் விளக்கத்தைத் திறந்து படித்தாள். இயந்திரம் கெடவில்லை. அது எப்போதும் செய்வதைத்தான் செய்திருந்தது. முப்பத்தைந்து வண்டிகள் ஊரிலேயே கடினமான பாகத்தோடு ஓடின. ஒரே வாரத்தில், அந்த வண்டிகள் ஓடிய சாலையில் நோவு ஐம்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. நகரத்தில் வேறெந்தப் பாகமும் இவ்வளவு நோவைக் குறைத்ததில்லை. நடுவில் வந்துபோன செப்பனிகளைப் பற்றிப் பொருத்திக்கு யாரும் சொல்லவில்லை. அது ஸ்பிரிங்கை மட்டும் பார்க்கிற இயந்திரம்.

வரிசையில் முதலில் நின்ற இளைஞன் முன்னால் வந்தான். அவன் காரின் பின்சீட்டில் நிறைமாதமாக ஒரு பெண், ஜன்னல் வழியாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இதை மாட்டாதீங்க," என்றாள் நித்திலா. "மெத்துனு இருக்கறதைப் போடுங்க. மிஷின் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நீலிப்பள்ளத்துல ஓட்டுனது நீங்கதானுங்களா? வீடியோ பார்த்தேன்."

"ஆமா, ஆனா..."

"நீங்க போட்டீங்க. உங்க ரோடு சரியாயிருச்சு. எங்க பக்கம் எட்டு மாசமா சொல்றோம், யாரும் திரும்பிப் பார்க்கல. இப்ப நான் போட்டா மட்டும் வேண்டாங்கறீங்க?"

"முப்பது வண்டி வேணும்ங்க. நீங்க ஒருத்தர் போட்டா அவங்களுக்குத்தான் வலிக்கும்," என்று காரைக் காட்டினாள்.

"எங்க தெருவுல இருபத்தாறு பேர் சொல்லி வெச்சிருக்கோம். இன்னும் நாலுதான். இவ பிரசவத்துக்குள்ள ரோடு வந்துரும்." அவன் குரலில் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. "நல்லது ஒண்ணைக் கண்டுபிடிச்சா நாலு பேருக்குச் சொல்லணும்ங்க. தடுக்கக் கூடாது."

நித்திலா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். "நான் மாட்டலைன்னா அடுத்த கடையில மாட்டுவான் கண்ணு," என்றாள் ஸ்டெல்லா, ஸ்பேனரைத் தேடிக்கொண்டே.

காரை நோக்கிப் போய், நித்திலா அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னாள். "வேண்டாம்னு சொல்லும்மா. ரொம்ப வலிக்கும்."

அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "வலிச்சாத்தானுங்கக்கா கேக்கறாங்க," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார் கடைவாசல் சாக்கடை மூடியின்மேல் ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து "அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. வண்டி நிற்கவில்லை. அடுத்த கார் லிஃப்ட்டை நோக்கி நகர்ந்தது.