உறைந்த எண்ணெய்

முழு லோடு ஏற்றிய டேங்கரைத் தட்டினால் சத்தம் எழும்பாது. ஈர மண்சுவரைத் தட்டிய மாதிரி அமுங்கிப் போகும். இருபத்திரண்டு வருசமாக ஓட்டுகிற தவசிக்கு அது கைப்பழக்கம். ராமநாதபுரம் தாண்டி, தேவிபட்டினம் சாலையில், விடியுமுன் இறங்கிய மார்கழிப் பனிமூட்டத்தில் வண்டியை ஓரங்கட்டி, டயர்களைக் கம்பியால் தட்டிக்கொண்டே வந்தவன், போகிற போக்கில் தொட்டியிலும் இரண்டு தட்டுத் தட்டினான். கணீரென்றது. காலித் தொட்டி மாதிரி.

தூத்துக்குடியில் ஏற்றிய பாமாயில் இருபது டன். ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து வந்த உப்புக்காற்றில், திடீரென்று சிக்கெண்ணெய்க் கசட்டு வாடை.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

அது அவனும் வண்டிக் கிளீனர் சீனி முகம்மதும் வைத்திருந்த வழக்கம். காலித் தொட்டிக்குள் சீனி இறங்கிக் கசடு வழிப்பான்; ஆறுவிரல் இடது கையில் கயிற்றைப் பிடித்தபடி தவசி மூடியருகே உட்கார்ந்திருப்பான். மேலிருந்து இரண்டு தட்டு: இருக்கியா? உள்ளிருந்து ஒரு தட்டு: இருக்கேன். சில நாள் சீனி வேண்டுமென்றே பதில் தட்டமாட்டான். தவசி பதறிக் கத்தியதும், "மவுத்தாயிட்டேன் மாப்ள, பிரியாணிக்குச் சொல்லு" என்று இருட்டுக்குள் சிரிப்பான்.

கார்த்திகையில் ஒருநாள் அப்படித்தான் பதில் வரவில்லை. "நடி மாமா, நல்லா நடி" என்று தவசி கிளாஸிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தான். பிறகுதான் கயிற்றை இழுத்தான். கனத்தது.

இன்று சீனிக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். போன் அடித்தது. சீனியின் மனைவி நூர் நிஷா.

"எங்கன வாரீக அண்ணே?"

"கிட்ட வந்துட்டேன் தாயி."

"அவுக மவுத்துக்கு இத்தா இருக்கேன், வெளி ஆம்பளைக முகம் பாத்துப் பேச ஏலாது. அதான் போன்லயே கேக்குறேன். உள்ள கிடந்து ரொம்பத் தவிச்சாகளா?"

டீ குடித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

"இல்ல தாயி. சத்தம் நின்னதுமே இழுத்துட்டேன்ல."

"அது போதும்ணே. அதை நெனச்சுத்தான் கண்ணசருறேன்." அழுகையை விழுங்கிக்கொண்டு வைத்துவிட்டாள்.

தொட்டிக்குள் ஒரு தட்டு.

இவன் தட்டிக் கேட்கவே இல்லை. பதில் மட்டும் வருகிறது. மறுபடியும். மறுபடியும். பிறகு தட்டு இல்லை, நகச்சுரண்டல். மூடிக்கு நேர் கீழே.

மூடியின் சீலை உடைத்தால் வேலை போகும். போகட்டும். ஏணியில் ஏறினான். அன்றைக்கு எழும்பாத கால்கள் இன்றைக்கு ஓடின.

"வாரேன் மாமா! இந்தா வந்துட்டேன் மாமா!"

சீல் அறுந்தது. மூடி திறந்தது. போன் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

எண்ணெய் குளிருக்கு வெண்ணெயாய் உறைந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. தூக்கும்போது சீனி கிடந்த அதே கிடை. பள்ளத்தில் யாருமில்லை.

பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

மெதுவாக. சத்தமில்லாமல். தவசியின் உயரம். தவசியின் தோளகலம். கடைசியாக, அவன் இடது கையின் ஆறாவது விரலுக்கும் ஒரு சின்னக் குழி.