ஐந்து முறை நனைந்த கால்

குள்ளம்மாளுக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். பத்து வயதில் ஐந்தாம் வகுப்பிலேயே அவள்தான் உயரம். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் அவள் தலை தனியாகத் தெரியும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் தலை குனிந்துகொண்டேதான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். காரணம், வழியில் பச்சியப்பன் காப்பிக்கடை இருந்தது. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னன் ஏன் தோற்றார்?

பொன்னன், குள்ளம்மாளின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. வத்தல்மலையில் வீடு, கொஞ்சம் நிலம். வாரத்தில் மூன்று நாள் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டிய தடியோடு மலைக்கும் தருமபுரிக்கும் ஓடுவார். மற்ற நாட்களில் ஏர் ஓட்டுவார். பாறையோ ஓடையோ குறுக்கே வந்தால் நின்று யோசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரே தாவல்தான்.

அதனால்தான் தருமபுரி மைதானத்தில் வருடா வருடம் நடக்கும் தடை தாண்டும் ஓட்டத்தில் மூன்று வருடமாக அவரே முதல் பரிசு வாங்கினார். மைதானத்தை ஐந்து முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூங்கில் தட்டிகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு தண்ணீர்ப் பள்ளம். பள்ளத்துக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன்மேல் ஒரு கால் வைத்து உந்தினால் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம். உந்தாவிட்டால் தண்ணீரில்தான் விழ வேண்டும்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பொன்னன் மாமா ஐந்து சுற்றிலும் கட்டையில் கால் வைக்கவில்லை. அதன்மேலே எகிறிக் குதித்தார். ஐந்து முறையும் தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். நனைந்த வேட்டியோடு ஓடிப் பத்தடி வித்தியாசத்தில் தோற்றார். கான்ஸ்டபிள் மாது முதலாவதாக வந்தார்.

"எல்லாம் சாப்பாட்டாலதாங்க" என்றார் பச்சியப்பன், காப்பியை ஆற்றிக்கொண்டே. "காலையில என் கடையிலதான் சாப்பிட்டாரு. எட்டு இட்லி! ரெண்டு கொறச்சுக்குங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க எங்கீங்க சொன்னீங்க? இன்னும் ரெண்டு வெக்கட்டுமான்னுதானே கேட்டீங்க?" என்றார் ஒருவர்.

"கண்ணு பட்டுடுச்சுங்க. மூணு வருசமா ஜெயிச்சா ஊரு கண்ணு சும்மா வுடுமா?" என்றார் இன்னொருவர்.

மூலையில் இருந்த ஜட்கா வண்டிக்காரர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆளு பயந்துட்டாரு. போலீசுக்காரரு பின்னாலயே வந்தா யாருக்குத்தான் காலு நடுங்காது? கட்டையில கால் வெக்கவே பயம்!"

எல்லாரும் சிரித்தார்கள். குள்ளம்மாளுக்குக் காது சுட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பள்ளிக்கூடத்திலும் அதே பேச்சுதான். அதைவிட மோசமான செய்தி ஒன்றும் காத்திருந்தது. அடுத்த மாதம் சேலத்தில் பெரிய ஓட்டம். இங்கிருந்து இரண்டு பேர் போகலாம். மாது போவது நிச்சயம். இரண்டாவது ஆள் யார் என்று வெங்கடாசலம் வாத்தியார்தான் எழுதி அனுப்ப வேண்டும். ஓட்டப்பந்தயக் கமிட்டிக்கு அவர்தான் காரியதரிசி.

"பொன்னன் ரெண்டாவதா வந்தாரு, வாஸ்தவம்தான்" என்று அவர் இன்னொரு வாத்தியாரிடம் சொன்னது குள்ளம்மாளின் காதில் விழுந்தது. "ஆனா பயந்துபோன ஆள அனுப்பி என்ன பிரயோஜனம்? மூணாவதா வந்த பையனை அனுப்பலாம்னு பாக்கறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடுதாசி போட்டுடணும்."

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

மத்தியானம் தபாலாபீஸ் பக்கம் 'ஜல் ஜல்' என்று சலங்கைச் சத்தம் கேட்டது. குள்ளம்மாள் ஓடினாள். பொன்னன் மாமா பையை உள்ளே கொடுத்துவிட்டு வெளியே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க பயந்துட்டீங்களாம். எல்லாரும் சொல்றாங்க."

"நானா?" மாமா சிரித்தார். "கரடி நடக்கற வழியில போயிட்டு வர்றவன் நானு. மாது பாவம், நல்ல மனுசன். கரடி மாதிரி மீசைதான் வெச்சிருக்காரு."

"அப்ப ஏன் மாமா கட்டையில கால் வெக்கல?"

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தடியை எடுத்துக்கொண்டார்.

"வெக்க மனசு வர்ல பாப்பா. வுடு. தோத்தது தோத்ததுதான். அதுக்கு ஒரு காரணத்தச் சொல்லி இன்னொருத்தர் தலையில போடக்கூடாது."

அவர் கிளம்பிவிட்டார். சலங்கைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. குள்ளம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். இன்னொருத்தர் தலையில் என்றால்? அப்படியானால் யாரோ ஒருவர் இருக்கிறார்! மாமாவுக்குக் காரணம் தெரியும். சொல்லத்தான் மாட்டேன் என்கிறார்.

சாயங்காலம் மணி அடித்ததும் அவள் நேராக மைதானத்துக்குப் போனாள். மைதானத்துக் காவல்காரர் தர்மன் பள்ளத்திலிருந்து தண்ணீரை வாளியில் இறைத்துக்கொண்டிருந்தார். கட்டை இன்னும் அதன் இடத்திலேயே இருந்தது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"தர்மன் மாமா, இதே கட்டைதான் போன வருசமும் இருந்துச்சா?"

"இல்ல பாப்பா. அதக் கரையான் தின்னுடுச்சு. சனிக்கிழமைதான் பாத்தேன். விடிஞ்சா பந்தயம். எங்க போறது? எங்க மச்சான் வூட்டுல ஒடஞ்சு கெடந்ததத் தூக்கியாந்து, சுண்ணாம்பு அடிச்சு வெச்சேன். நல்ல கெட்டி மரம். ஏறி வேணா பாரு, அசையாது."

குள்ளம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டைமேல் வைக்கக் காலை உயர்த்தினாள். கால் பாதியிலேயே நின்றது.

கட்டையின் ஒரு முனையில் வரிசையாக மூன்று வெட்டுகள் இருந்தன. கயிறு போட்டு இழுத்து இழுத்து அந்த வெட்டுகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. தண்ணீர் தெறித்துச் சுண்ணாம்பு கரைந்த இடத்தில் மங்கலாக மஞ்சள் தெரிந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

அது ஏர்க்கால். கலப்பையை நுகத்தடியோடு சேர்க்கும் நீள மரம்.

சித்திரை மாதம் முதல் உழவு அன்று மலையில் மாமா ஏருக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவர் கலப்பையை ஒருநாளும் மிதிக்க மாட்டார். தெரியாமல் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உடைந்த ஏராக இருந்தாலும் அப்படித்தான்.

குள்ளம்மாள் காலைக் கீழே வைத்தாள். கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தர்மனின் கையிலிருந்த வாளி கீழே இறங்கியது. அவர் கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஐயையோ! பொன்னன் அதனாலயா...? ஒடஞ்சதுதானேன்னு நெனச்சுட்டேன் பாப்பா. அவசரத்துல எனக்கு ஒண்ணும் தோணல." அவர் குரல் இறங்கிவிட்டது. "வாத்தியாருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு. எம்பேரச் சொல்லிடாத, பாப்பா."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சொல்ல மாட்டேங்க" என்று குள்ளம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சிக்கல் புரிந்தது. மாமாவின் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் தர்மன் பெயர் வரக் கூடாது. வெறுமனே 'கட்டையில் கால் வைக்க மாமாவுக்கு மனசு வரவில்லை' என்று சொன்னால் சிரிப்பார்கள். அதற்குப் பெயர்தான் பயம் என்பார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டே ஆடையும் சேர்த்துப் பால் முழுவதையும் குடித்துவிட்டாள். பாலாடை என்றாலே அவளுக்கு ஆகாது.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவசரமாக எழுந்தபோது கீழே கிடந்த பாடப் புத்தகத்தின்மேல் கால் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்படியே குனிந்தபடியே நின்றாள்.

"என்னடி, இடுப்புப் புடிச்சுக்கிச்சா?" என்றாள் அவள் அம்மா கோவிந்தம்மாள்.

"இல்லம்மா. வழி கெடச்சுடுச்சு!"

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் ஐந்தாம் வகுப்பில் சொற்போர் நடக்கும். போன வாரம் 'வெயில் நல்லதா, மழை நல்லதா' என்று பேசி, பெஞ்சுகள் சாயும் அளவுக்குச் சண்டை வந்தது. இந்த வாரம் எல்லாரும் கேட்டது ஒரே தலைப்பு. வாத்தியாரும் சரி என்றார். பொன்னன் ஏன் தோற்றார்?

முதலில் சவுரியப்பன் எழுந்தான். வகுப்பிலேயே பெரிய குரல் அவனுடையதுதான்.

"பெரியோர்களே! நான் என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். ஐந்து தடவையும் பொன்னன் கட்டைகிட்ட வந்தாரு. ஐந்து தடவையும் காலை வெக்கல. எதிர்ல இருக்கறத மிதிக்கத் தயங்கறவர் பயந்தவர். வேற பேரு கெடையாது!"

பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். வாத்தியார்கூடத் தலையை ஆட்டினார். அவர் மேஜைமேல் ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன. குள்ளம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அடுத்தது குள்ளம்மாள்" என்றார் வாத்தியார்.

அவள் முன்னால் வந்தாள். மூலையில் இருந்த சிறிய முக்காலியை நடு வகுப்பில் இழுத்துப் போட்டாள். தன் தமிழ்ப் பாடப் புத்தகத்தை அதன்மேல் வைத்தாள். முக்காலிக்கு அந்தப் பக்கம் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

"சவுரி, இதுதான் கட்டை. அதுதான் தண்ணிப் பள்ளம். கதவுகிட்ட இருந்து ஓடி வந்து, இதுமேல கால் வெச்சு உந்தி, பள்ளத்தத் தாண்டு பாக்கலாம்."

"இவ்வளவுதானா?" என்றான் சவுரியப்பன்.

கதவருகே போனான். கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். தடதடவென்று ஓடி வந்தான். முக்காலிக்கு அருகில் வந்ததும் காலைத் தூக்கினான். தூக்கிய கால் முக்காலியில் இறங்கவே இல்லை. தடுமாறி, அதன்மேலே எப்படியோ எகிறி, வட்டத்தின் நட்டநடுவில் தொப்பென்று உட்கார்ந்தான். அரைக்கால் சட்டையெல்லாம் சாக்குக்கட்டித் தூள்.

வகுப்பே சிரித்தது.

"தண்ணியில வுழுந்துட்ட" என்றாள் குள்ளம்மாள். "என்ன சவுரி, பயந்துட்டியா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல!" சவுரியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "புத்தகத்த எப்படி மிதிக்கிறது?"

வகுப்பில் சிரிப்பு அடங்கியது.

"எங்க மாமாவும் பயப்படல" என்றாள் குள்ளம்மாள். "அந்தக் கட்டை வெறும் கட்டையில்ல. சுண்ணாம்பு அடிச்ச ஏர்க்கால். சுண்ணாம்புக்கு அடியில மஞ்சளும் குங்குமமும் இருக்கு. மத்தவங்களுக்கு அது தெரியல. எங்க மாமா ஏர் புடிக்கறவரு. ஓடி வர்றப்பவே, முனையில இருக்கற வெட்டுகளப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சுடுச்சு."

வெங்கடாசலம் வாத்தியார் எழுந்துவிட்டார். "ஏர்க்காலா? யாரு வெச்சது அத?"

குள்ளம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது வேணாங்க சார். மாமாவும் சொல்லல. நானும் சொல்ல மாட்டேங்க."

வாத்தியார் அவளையே பார்த்தார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை என்கிட்ட வந்து, கட்டை இல்லீங்களேன்னு ஒருத்தர் கேட்டாரு. நான் வேலையில இருந்தேன். 'எதையாவது கொண்டாந்து வையப்பா, போ'ன்னு வெரட்டினேன். அப்ப, வெச்சது நான்தான்."

அவர் பேனாவை எடுத்தார். காகிதத்தில் எழுதினார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "சேலம் ஓட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து வருபவர்கள்: மாது, பொன்னன்."

சவுரியப்பன்தான் முதலில் கை தட்டினான். அவன் கையிலிருந்து சாக்குக்கட்டித் தூள் பறந்தது. தன் இடத்துக்குப் போகிற வழியில் முக்காலியிலிருந்த புத்தகத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக் குள்ளம்மாளிடம் கொடுத்தான்.

தர்மன் மறுநாளே ஏர்க்காலைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மச்சான் வீட்டில் பத்திரமாகச் சாத்தி வைத்தார். அந்த இடத்தில் ஒரு புளியங்கட்டையை இழைத்து வைத்தார். மாதுவும் பொன்னனும் சேர்ந்தே அதில் தாண்டிப் பழகினார்கள். காரணம் தெரிந்ததும் மாது மீசையைத் தடவிக்கொண்டு, "நான் பாக்கவே இல்லீங்களே!" என்று நான்கைந்து முறை சொன்னார்.

அடுத்த மாதம் சேலத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கியதும் இரண்டு பேரையும் நேராகப் பச்சியப்பன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பொன்னன் மாமா கையில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை இருந்தது. முப்பது பேரில் இரண்டாவது இடம்.

"ரெண்டாவதா?" பச்சியப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கடையில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். "சொல்லுங்க பொன்னா, எதனால தோத்தீங்க? அங்க இட்லி சரியில்லீங்களா?"

"இட்லியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"அப்ப கட்டை?"

"கட்டையும் நல்ல கட்டைங்க."

"பின்ன என்னதாங்க?"

"எனக்கு முன்னால ஓடினவரு என்னைவிட வேகமா ஓடினாருங்க" என்றார் பொன்னன். "அவ்வளவுதான்."

ஜட்கா வண்டிக்காரர் வாயைத் திறந்தார். ஓர் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டார். பச்சியப்பனுக்கு ரொம்ப ஏமாற்றம். இன்றைக்கு வாதாட ஒன்றுமே இல்லை.

மாமா கோப்பையை, கூடவே வந்திருந்த குள்ளம்மாளிடம் கொடுத்தார். அவள் காதருகில் குனிந்தார். பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு உயரம் இருந்ததால் அதிகம் குனிய வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு சுத்து பாப்பா" என்றார் மெதுவாக. "ஒரு தடவகூடக் காலு நனையல."