கேட்காமல் வாங்காதவள்

நாற்காலி கிரீச்சிட்டது. அவளுடைய நாற்காலிதான். முதலில் இழுத்து ஒரு முனகல், பிறகு உள்ளே எங்கோ ஒரு திருகாணி டக்கென்று உட்காரும். ஒலிப்புத்தகப் பதிவுகளிலிருந்து அந்தச் சத்தத்தை வெட்டியெடுத்தே அவளுக்குப் பாதி ஆயுள் கழிந்திருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வாள். ஆனால் இப்போது அவள் அசையவில்லை. சத்தம் வந்தது ஹெட்போனுக்குள்ளிருந்து.

விக்கித்துப்போய் உட்கார்ந்திருந்தவள், பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. புது ஹெட்போனுக்கு முன்பதிவு கேட்கிற இணையப் பக்கத்தில் ‘மாதிரி கேட்டுப் பாருங்கள்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், கீச்சுக் கீச்சென்று சில ஒலிகளைப் போட்டு இரண்டு காதையும் சோதித்தது. பிறகு மேசை மைக்கைத் திறக்க அனுமதி கேட்டது. கொடுத்தாள். அவள் அறையின் சத்தத்தையே பிடித்து, ‘எங்கள் ஹெட்போனில் இப்படித்தான் கேட்கும்’ என்று மெருகேற்றி, சற்றுத் தாமதமாக அவளுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் அவள் சாய்ந்து உட்கார்ந்த முனகல்தான் அது. பழைய ஹெட்போன் வழியாகப் புது ஹெட்போனைக் கேட்பதாம். கறுப்பு வெள்ளை டிவியில் கலர் டிவி விளம்பரம் பார்த்த கதைதான்.

தொழிலில் அவளுக்குப் ‘பாம்புச்செவி’ என்று பெயர். வாசிப்பவர் எச்சில் விழுங்கினாலும், மேல்மாடியில் யாரோ குழாயை இறுக்கி மூடாமல் விட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டின் சன்னல் இல்லாத பின்னறையில் நான்கு சுவருக்கும் ஸ்பான்ஜ் ஒட்டி ஸ்டூடியோவாக்கி, முதலாளி அனுப்புகிற வாசிப்பாளர்களை உட்காரவைத்து எத்தனையோ புத்தகங்களைப் பதிவு செய்திருக்கிறாள். அந்தப் பாம்புச்செவியில் ஒன்று இப்போது செத்துக்கொண்டிருந்தது. இடது காது. போன வருடம் மெல்லிய ஒலிகள் போயின. இப்போது அந்தப் பக்கத்து உலகமே கம்பளிக்குள் சுருட்டி வைத்ததுபோல் இருந்தது. ஒரு பதிவில் வாசிப்பவரின் ஒவ்வொரு ‘ஸ்’ஸும் சீறிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமல் விட்டுவிட, முதலாளி போன் செய்து, “என்னம்மா, பாம்புச்செவிக்கே பாம்பு சீறுறது கேக்கலையா?” என்று சிரித்தார். இன்னொரு தடவை சிரிக்கமாட்டார். காது போனால் தொழில் போச்சு. தொழில் போனால் அவளிடம் அவள் என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? டாக்டர் காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். “வேணாம் டாக்டர், பழகிக்கறேன்” என்று எழுந்து வந்துவிட்டாள். புருஷனைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

இந்தப் புது ஹெட்போன் ஒவ்வொரு காதையும் தனித்தனியாக அளந்து, குறைந்ததைக் கூட்டிக் கொடுக்குமாம். ஊருக்குத் தெரியாமல் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் யானை விலை, எந்தக் கடையிலும் மாட்டிப் பார்க்க வழியில்லை, முன்பதிவு இன்றோடு சரி. மதியம் புருஷன் போன் செய்தார். லிஃப்ட் மெக்கானிக், ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டு பேசினார்.

“இன்னுமா யோசிச்சிட்டிருக்க? சாயந்திரம் ஆறு மணியோட மூடிடுவானாமே.”

“கேக்காம வாங்க மாட்டேங்க. செருப்பு வாங்கவே போட்டு நாலு எட்டு நடந்து பாக்கறோம்.”

“என்னை மட்டும் சோதிச்சுப் பாத்தா கட்டிக்கிட்ட?”

“ஒருதடவை பட்டது போதாதா?”

அவர் சிரித்த சிரிப்பு லிஃப்ட் குழிக்குள் இறங்கி எதிரொலித்தது. அதை நினைத்து அவள் இப்போதும் சிரித்துக்கொண்டாள். வாய்க்கு வாய் பதில் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மாதிரி ஓடிக்கொண்டேயிருந்தது. கேலி பேசினாளே தவிர, ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. கணினியின் அடிவயிற்றில் சுழலும் சின்ன விசிறியின் மெல்லிய சீட்டி, தன் சட்டைக் கை மேசையில் உரசும் சரசரப்பு, சூடேறிய கம்பிகளும் பழைய ஸ்பான்ஜும் கலந்து மணக்கும் அந்த அடைத்த அறையில் ஒரு தூசி நகர்ந்தாலும் தெரியும் என்கிற அந்தப் பழைய நுணுக்கம், எல்லாம் இடது காதுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளாக இதற்காக எவ்வளவு ஏங்கிக் கிடந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு அடியில், இடது பக்கம், மூச்சு.

தன்னுடையதுதான் என்று நினைத்து அடக்கிப் பார்த்தாள். தாமதமாக வருகிறது, சரி, கொஞ்சம் பொறுப்போம் என்று அடக்கிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு வெடிக்கும்போல் ஆனது. ஹெட்போனுக்குள் அந்த மூச்சு தன்பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

“யாரு அது?”

ஹெட்போனைப் பிடுங்கினாள். அறையில் யாருமில்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஸ்பான்ஜ் சுவர், ஸ்பான்ஜ் சுவர், கதவு, திரை. மேசையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மைக். பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்லது எப்போது வாயில் வரும் என்று யாருக்குத் தெரியும் என்பாள். வேலை இல்லாத நேரத்திலும் பதிவை நிறுத்தமாட்டாள்.

பயந்து ஓடுகிற ஜாதியில்லை அவள். பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. மாதிரியில் மூச்சைச் சேர்த்து விளையாடுகிறார்களா? தன் மைக்கில் பதிவானதையே போட்டுப் பார்த்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இடது மைக்கின் ஒலி இடது காதுக்குத்தான் போகும். அந்தக் காதோ செவிடு. ஆகவே தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள். அதன் இடது பக்கம் வலது காதில்.

மூச்சு இருந்தது. நல்ல காதில் இன்னும் கிட்டத்தில். விளம்பரக்காரர்கள் சேர்க்கவில்லை; அவள் அறையில்தான், அவள் இடது மைக்கில்தான் இருந்தது. பிறகு ஒரு வாய் திறக்கும் ஈரச் சத்தம். குரலே இல்லாத வெறும் காற்றால் யாரோ சொன்னார்கள்:

“யாரு அது?”

அதற்குப் பிறகுதான், உரக்க, அவளுடைய குரல் கேட்டது. “யாரு அது?”

மறுபடி போட்டாள். மறுபடி. முதலில் காற்று. பிறகு அவள்.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். எதிரொலி பின்னால் வரும், முன்னால் வராது. அது அவளுக்குத் தெரியாதா?

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அறையின் வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிந்து வைத்துக்கொள்வது அவர்கள் தொழில் வழக்கம். வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அந்த அமைதிதான் உதவும். தொடங்கும் முன் பதிவாளர் ‘அறை அமைதி, எடுக்கறேன்’ என்று வாயால் சொல்லி அடையாளம் வைப்பார். அவளிடம் அப்படிப்பட்ட அமைதிகள் வருடக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. போன மாதத்து ஒன்றைத் திறந்தாள். ஹெட்போன் திருப்பியபடியே.

காற்று சொன்னது: “அறை அமைதி, எடுக்கறேன்.”

அவள் சொன்னாள்: “அறை அமைதி, எடுக்கறேன்.”

அதற்கு முந்தையதிலும் அப்படியே. அதற்கும் முந்தையதிலும். பின்னோக்கிப் போகப் போகக் காற்று தேய்ந்துகொண்டே போய், காது மங்கத் தொடங்கிய அந்தப் பருவத்துக்கு முன்னால் இல்லாமல் போனது. அங்கே அவள் மட்டும் தனியாகப் பேசினாள். உற்சாகமான, யாரும் சொல்லிக்கொடுக்காத குரல். அவளுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

கை தானாக இன்று மதியத்துப் பதிவுக்குப் போனது. வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதாலேயே திறந்தாள்.

“கேக்காம வாங்க மாட்டேங்க” என்றது காற்று. அவள் அப்படியே சொன்னாள். செருப்பை அது சொன்னது, அவள் சொன்னாள். போனில் புருஷன் ஏதோ கேட்கிற இடைவெளி. அப்போது அது, சிரிப்பை அடக்குகிறவளைப்போல மூக்கால் மூச்சுவிட்டு, “ஒருதடவை பட்டது போதாதா?” என்றது.

அந்தக் கேலிகூட அவளுடையது இல்லை.

அவளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பொறுக்கவில்லை. காது போகட்டும். தன் வாயில் வரும் சிரிப்பில்கூடவா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்? டாக்டரிடம் ‘வேணாம்’ என்றது யார்? கேட்காமல் வாங்க மாட்டேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தது யார்? அப்போது அவளுக்கு விளங்கியது. இடது காது திறந்தால் அதைக் கேட்டுவிடுவாள். மெஷின் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம் என்று அது சொல்லிக்கொடுத்தது. அவளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள்.

“என் வீட்ல வந்து…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பேசக் கூடாது. பேசினால் யாருடைய பேச்சு என்று தெரியாது. கை தன்னுடையது. கை இன்னும் தன்னுடையதுதான்.

ஹெட்போனை மேசையில் வீசினாள். முன்பதிவுப் பக்கத்துக்கு வந்தாள். ஆறு மணி ஆக இன்னும் கொஞ்சம்தான். இதுவரை ஒரு பொருளைக் கேட்காமல் வாங்காதவள், இப்போது மாட்டிக் கேட்காமலே வாங்கப்போகிறாள். எவள் தடுப்பாள், பார்த்துவிடலாம்.

இடது காது மடல் சில்லிட்டது.

காதோரத்து முடி அசைந்தது, யாரோ ரகசியம் சொல்ல வந்து மிக நெருங்கிவிட்டதுபோல. அறையில் மின்விசிறி கிடையாது. நாற்றம் வந்தது; நெடுநாள் மூடிக்கிடந்த வாயின் நாற்றம். கம்பளி சுருட்டிய அந்தக் காதுக்குள் ஏதோ படபடத்தது. சொல். சொல்லின் மேல் சொல். அவளுக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை. ஆனால் நாக்கு அசையத் தொடங்கியிருந்தது. ‘வே’ என்று உதடு விரிந்தது. பல்லைக் கடித்தாள். நாக்கு பல்லுக்குப் பின்னால் புழுவாக நெளிந்தது. இன்னும் கடித்தாள். உப்புக் கரித்தது.

போடி.

அழுத்தினாள்.

‘உங்கள் முன்பதிவு ஏற்கப்பட்டது.’

எல்லாம் நின்றது. காதோர முடி அடங்கியது. நாற்றம் போய்விட்டது. நாக்கு வாய்க்குள் சாதுவாகப் படுத்துக்கொண்டது. அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்கினாள். ஜெயித்துவிட்டாள். ஆனால் தொழில்காரி வாய்வார்த்தையை நம்பமாட்டாள்; பதிவைத்தான் நம்புவாள். மைக்கைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அறை அமைதி, எடுக்கறேன்” என்றாள். ஹெட்போனைத் திருப்பி மாட்டி, ஓட்டினாள்.

சுத்தம். மூச்சு இல்லை. காற்று இல்லை. துடைத்துவிட்டதுபோன்ற அமைதி. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னதும் அதில் இல்லை.

திரையைப் பார்த்தாள். ஒலிக்கோடு மேடாக எழுந்து இறங்கியது. அவள் குரலின் மேடு. அதற்கு முன்னால் இன்னொரு மேடு. அதே உயரம். இப்போது அது காற்றில்லை. முழுக் குரல்.

ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். வலது காதருகே விரல்களை உரசினாள். கை தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. சத்தம் இல்லை. நாற்காலியில் சாய்ந்தாள், திருகாணி டக்கென்று உட்கார்ந்தது முதுகில் தெரிந்தது, காதில் இல்லை. வலது காதிலும் கம்பளி. இரண்டு பக்கமும் கம்பளி.

கதவின் கீழ் வெளிச்சம் மாறியது. கதவு திறந்தது. புருஷன்தான். தோளில் கருவிப்பை, நெற்றியில் கிரீஸ். அவர் வாய் அசைந்தது. ‘வாங்கிட்டியா?’ என்றோ ‘சாப்டியா?’ என்றோ கேட்கும் அந்தப் பழகிய முகம். கேட்கவில்லைங்க, எனக்கு எதுவுமே கேட்கவில்லை, என்னை இங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கதறத் தொண்டை வரைக்கும் வந்தது.

அப்போது இடது காதில், செத்த காதில், இத்தனை வருடத்தில் எந்த ஹெட்போனிலும் கேட்டிராத தெளிவோடு, அவளுடைய குரல் பேசியது.

“ஒண்ணுமில்லங்க. கை கால் கழுவிட்டு வாங்க, வந்துடறேன்.”

அவள் சொல்லவில்லை. சொல்லமாட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் விரலில் பதியும்வரை அழுத்தினாள். ஒரு சொல் தரமாட்டேன். ஒரு சொல். செத்தாலும்.

வாசலில் நின்றவர் தலையாட்டினார். சிரித்தார். பதிலுக்கு ஏதோ கேலி பேசினார். பிறகு காத்திருந்து, வந்த பதிலுக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்.

பொத்திய கைகளுக்கு மேலே விரிந்திருந்த அவள் கண்களை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவள் இடது தோளுக்குப் பக்கத்தில், காதின் உயரத்தில், அங்கே இருந்த முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.