ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி

காலையில் அறுத்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் இருந்த இடைவெளி, இப்போது ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நஜ்லா அளவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே அளவுதான்.

கழுதையின் முன்னங்கால் எலும்பு அது. நடுவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, வெளியே எஃகுத் தகடும் உள்ளே மஜ்ஜைக் குழியில் கம்பியும் வைத்து, அழுத்தும் இயந்திரத்தில் இறுக்கியிருந்தாள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு எலும்புகளில் இதுதான் கடைசி. இது முடிந்தால் நான்கு வருட ஆய்வு முடிந்தது.

காவலாளி ஷஹாத்தா கதவருகே தலையை நீட்டினார். "டாக்டரம்மா, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. பூட்டிட்டுப் போயிரவா?"

"பூட்டிக்கோங்க சாச்சா. முடிச்சதும் போன் போடுறேன்."

"மறந்துறாதீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் கழுதை எலும்போடதான் குடித்தனம்!"

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கீழே இரும்புக் கதவில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.

உப்புநீரில் நனைத்த துணியின் வாடையும், ரம்பம் கிளப்பிய கருகல் நெடியும் அந்தப் புழுக்கத்தில் அறையை விட்டுப் போகாமல் நின்றன. பத்ஹுல்லாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. காய்கறி வண்டிக்காரர். வலது முன்னங்கால் முறிந்த தன் கழுதை சுக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"தகடு வச்சா நடக்குமாம்மா? பிள்ளை மாதிரி வளர்த்துட்டேன்."

நடக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரியும். ஆனால் ஆய்வுக்கு ஓர் எலும்பு குறைந்தது. கழுதையின் இடது முன்னங்கால் பழுதில்லாமல் இருந்தது.

"எலும்பு சேராதுங்க," என்றாள். உயிரைப் போக்கும் ஊசியைப் போடும்போது அவரே அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

மறுபடி அளந்தாள். சுக்கரின் எலும்பில் இடைவெளி இப்போது பதின்மூன்று மில்லிமீட்டர்.

விளிம்பில் பிசின்போல ஏதோ கசிந்திருந்தது. காலையில் அந்த இடைவெளியில் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. இப்போதும் விட்டுப் பார்த்தாள். பனிப்பெட்டியிலிருந்து எடுத்த எலும்பு. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை இழுத்தாள். வரவில்லை.

சிவப்புப் பொத்தானை அடித்தாள். இயந்திரத்தின் ரீங்காரம் நின்றது. எலும்பின் பிடி நிற்கவில்லை. தரையோடு முடுக்கிய இயந்திரம், அசைக்க முடியாது. போன் எதிர் மேசையில் இருந்தது. கை எட்டவில்லை. கத்தினாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் தொடங்கியிருந்தது.

"சுக்கர்," என்றாள். "நான் பொய் சொல்லிட்டேன். விட்டுடு."

வலி குறைந்தது. பிறகு வலியே இல்லை.

குனிந்து பார்த்தாள். இடைவெளி இல்லை. சுண்டுவிரல் போன இடத்தில் தழும்புகூட இல்லாமல் எலும்பு வழவழவென்று சேர்ந்திருந்தது. அதே வெள்ளை, இளஞ்சூடாக, அவள் உள்ளங்கைமேல் ஏறிக்கொண்டிருந்தது.