கிளிமூக்கு, இருக்கியா?

காலை 9.20.

வினாத்தாள் திருடு போய்விட்டது என்றார்கள். டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அவள் வைத்த இடத்தில், வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அதே வினாத்தாள் இந்த நேரத்தில் ஊரிலுள்ள முக்கால்வாசி மாணவர்களின் போனிலும் இருந்தது.

நாளை நடக்க வேண்டிய தமிழ்த் தேர்வு நேற்றே ரத்தாகிவிட்டது. நாற்பது கேள்விகளும் அவள் தயாரித்தவை. ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

"டீச்சர், சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு இது முதன்முதலா வெளிய போயிருக்கு. மாணவர்களோட ஒரு குழுவுக்கு, பொய்ப் பேர்ல, ‘மாதிரித் தாள்’னு" என்றார் ஆய்வாளர். "போனது இந்த வீட்டு இணைய இணைப்புலேருந்து."

ஆய்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலி. உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது இரண்டு. காவல் நிலையத்தில் அந்தப் பெண்மணிக்குக் ‘கொசுவலை’ என்று பட்டப்பெயர். சின்னது எதுவும் தப்பாது என்பதால் வந்தது.

"நான் அனுப்பல மேடம்."

"பன்னெண்டு மணிக்குத் தேர்வு வாரியத்துலேருந்து வண்டி வருது. அதுக்குள்ள வேற பேர் கிடைக்கலன்னா, உங்க பேரைத்தான் எழுதணும்."

வாசலில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் கம்பி. திருடனுக்குப் பயந்து கணவன் நெருக்கமாக வைத்த கம்பி அது. இன்று அதன் உள்பக்கத்தில் நின்றுகொண்டு டீச்சர் தெருவைப் பார்த்தாள். பதினெட்டு வருட வேலை, பெயர், மரியாதை எல்லாம் இன்னும் இரண்டரை மணி நேரத்துக்குத்தான்.

ஆய்வாளர் சமையலறைப் பக்கம் நடந்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

‘அண்ணி, நான் குழிக்கப் போகிறேன். குழித்துவிட்டு ஐந்து மணிக்கு டீ குடிக்க வருகிறேன். சனி, 3.45.’

இரண்டு ‘ழி’யையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"யார் எழுதினது?"

"என் நாத்தனார். பக்கத்துப் போர்ஷன், நடுவுல ஒரே சுவர். நான் தாள் திருத்தும்போது போன் எடுக்க மாட்டேன். அதனால கதவுக்கடியில சீட்டைத் தள்ளிட்டுப் போவா. ‘குளிக்கப் போறியா, குழி தோண்டப் போறியா’ன்னு கேட்டுச் சிரிச்சேன்."

"வட்டம் நீங்க போட்டதா?"

"கை சும்மா இருக்காது மேடம்."

காலை 9.45.

கணவன் ஏசி மெக்கானிக். திருகாணி உள்ள எந்தப் பொருளும் தன் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறவன்.

"உங்க வை-ஃபையை அக்கம்பக்கத்துல யாராவது பயன்படுத்துறாங்களா?"

"முடியவே முடியாது மேடம்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "போன மாசம் பேரையே மறைச்சுட்டேன். எவன் போன்ல தேடினாலும் நம்ம வீடு தெரியாது. பேரை எழுத்துக்கு எழுத்து சரியா அடிச்சாத்தான் உள்ள வர முடியும்."

"என்ன பேர்?"

அவன் மனைவியைப் பார்த்து நெளிந்தான். "கிளிமூக்கு. இவ மூக்குதான். சும்மா ஒரு கேலிக்கு."

டீச்சர் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டு?"

"எடுத்துட்டேன். கதவே கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்குப் பூட்டு எதுக்கு?"

"யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தீங்க?"

"என் போன், இவ போன், இவ கம்ப்யூட்டர். மூணும் என் கையால அடிச்சது. இவளுக்கே அந்தப் பேரை அடிச்சுப் பழக்கமில்ல. வேற யாருக்கும் கொடுக்கல. சத்தியம்."

"அப்போ வெளியாள் உள்ள வரவே முடியாது?"

"ஈ, எறும்பு நுழையாது மேடம்."

"சனிக்கிழமை நாலு பத்துக்கு வீட்ல யார் இருந்தாங்க?"

அவன் வாய் திறந்தபடியே நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது தவளை, பாம்பின் வாயில் மாட்டியது அதன் மனைவி.

"நான் மட்டும்தான்" என்றாள் டீச்சர். மறைக்க என்ன இருக்கிறது? கணவனை ஓங்கி அறையலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஆய்வாளர் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விளக்கு மினுக்கும் இணையப் பெட்டியோடு ஒரு சின்ன வட்டு இணைந்திருந்தது. அதன் மேல் கணவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘கல்யாணப் படங்கழ்’. ஆய்வாளரின் உதடு லேசாகத் துடித்தது.

"இதுல போட்டோ மட்டும்தானா?"

"இவ கம்ப்யூட்டர்ல எழுதறதெல்லாம் தினமும் தானா ஒரு நகல் இதுல ஏறிடும். அழிஞ்சுடக் கூடாதேன்னு நான்தான் ஏற்பாடு பண்ணேன்."

"எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் டீச்சர்.

"நல்லதுதானே பண்ணேன்…"

"அதாவது, உங்க வலைக்குள்ள நுழைஞ்சவங்க யாரா இருந்தாலும் வினாத்தாளை எடுத்திருக்கலாம்" என்றார் ஆய்வாளர். இணையப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன.

காலை 10.20.

மாடியில் குடியிருக்கும் டியூஷன் மாஸ்டரைக் கீழே அழைத்து வந்தார்கள். அறுபது மாணவர்கள் படிக்கும் இடம் அவருடையது. காவலர்களின் கண்ணில் அவர் ஏற்கெனவே குற்றவாளி.

"இவங்க வை-ஃபை பேர் தெரியுமா?"

மாஸ்டர் டீச்சரின் கணவனைக் காட்டினார். "தெரியும். போன மாசம் இவர் படிக்கட்டுல நின்னு யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தார். காதுல விழுந்தது."

"அடிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். என் நெட்டு ரெண்டு நாளா வேலை செய்யல, அதான். ஆனா ஒண்ணும் வரல மேடம். எத்தனை தடவை அடிச்சாலும் ‘தேடுகிறது’ன்னே நின்னுடுச்சு."

"அகப்பட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்வான்" என்றார் வாசல் காவலர்.

டீச்சருக்கு மாஸ்டர்மேல் கோபம் வரவில்லை. ஒரே வலையில் சிக்கிய இன்னொரு மீனாகத்தான் அவர் தெரிந்தார்.

காலை 10.40.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"உங்க பொண்ணு இந்த வருஷம் இதே தேர்வு எழுதுறாளாமே?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஆய்வாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நெருங்கின சொந்தம் எழுதுதுன்னு வாரியத்துக்கிட்ட சொல்லலியா?"

"மகனோ மகளோ எழுதறாங்களான்னுதான் படிவத்துல கேட்டிருந்தது. எனக்குக் குழந்தை இல்ல. இல்லன்னு எழுதினேன்." சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லச் சொல்லக் கயிறு இறுகிக்கொண்டே வந்தது.

"சனிக்கிழமை நாலு பத்துக்கு நீங்க எங்கம்மா?"

"குளிச்சுட்டிருந்தேன். அண்ணிக்குச் சீட்டு எழுதிப் போட்டேனே."

"இவங்க நெட்டை எப்பவாவது பயன்படுத்தியிருக்கீங்களா?"

"எனக்குப் போன்ல பேச மட்டும்தான் தெரியும். அந்த நெட்டுப் பேர்கூடத் தெரியாது."

காலை 11.05.

ஆய்வாளர் கூடத்து மேசையில் ஒரு மடிக்கணினியைத் திறந்து, அதோடு குட்டையான ஓர் ஆன்டெனாவை இணைத்தார். எல்லாருடைய போனையும் வாங்கி வரிசையாக வைத்தார். டீச்சரின் போனும் கம்ப்யூட்டரும் காலையிலேயே அணைக்கப்பட்டுக் காவலரின் பைக்குள் போயிருந்தன.

"சார், நீங்க பேரை மறைச்சதா நினைச்சீங்க" என்று கணவனிடம் சொன்னார். "வெளிப்படையா இருக்கற வை-ஃபை என்ன செய்யும்? ‘நான் இங்க இருக்கேன்’னு தானே சொல்லிட்டிருக்கும். போன் சும்மா கேட்டுட்டு இருந்தாப் போதும். நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க. அப்போ போன் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

ஆய்வாளரே பதிலும் சொன்னார்.

"போன்தான் கத்தணும். ‘கிளிமூக்கு, இருக்கியா? கிளிமூக்கு, இருக்கியா?’ன்னு. கடைவீதியில, பஸ்ஸுல, ஆஸ்பத்திரியில, போற இடமெல்லாம் கத்தும். வீட்டுக்காரன் வாயை மூடிட்டா, தேடி வர்றவன் தெரு முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுவான் இல்லையா? அந்த மாதிரி. ஒரு தடவை அந்தப் பேரை அடிச்சு வச்ச போன் மறக்காது. காலையில பெட்டியைப் பிடுங்கினேனே, அதுலேருந்து கத்திட்டே இருக்கும்."

திரையில் வரிகள் ஓடின. டீச்சர் நின்ற இடத்திலிருந்து எழுத்துகள் தெரியவில்லை.

ஆய்வாளர் கணவனின் போனை முதலில் அணைத்தார். கத்தல் நிற்கவில்லை. அடுத்து மாஸ்டரின் போன். அது அணைந்ததும் ஒரு பெயர் திரையிலிருந்து மறைந்தது.

"இவர்தான்" என்று காவலர் எழுந்தார். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க. இன்னொரு போன் இன்னும் கத்துது."

மேசையில் மிச்சம் இருந்தது நாத்தனாரின் போன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றாள் அவள். "எதையாவது கை பட்டு அழுத்தியிருப்பேன்."

"இருக்கலாம். டீச்சர், ஒரு உதவி. இவங்க மூணு பேருக்கும் சொல்வதெழுதுதல் வைங்க."

காலை 11.25.

கூடத்தில் மூன்று பெரியவர்கள் ஆளுக்கொரு தாளோடு குனிந்து உட்கார்ந்தார்கள். வாசலில் காவல். சொற்களைச் சொல்லத் தொடங்கியதும் டீச்சரின் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. ஆய்வாளர் சொன்னபடி, வேண்டுமென்றே பேச்சுவாக்கில், எழுத்தை அழுத்திக் காட்டாமல் சொன்னாள்.

"வெள்ளம். பள்ளம். குளியல். கிளிமூக்கு."

தாள்களை வாங்கினாள். மாஸ்டருடையதில் ஒரு பிழையும் இல்லை. கணவன் எழுதியிருந்தான்: வெழ்ழம், பழ்ழம், குழியல், கிழிமூக்கு.

மூன்றாவது தாளைப் பார்த்தாள். நாத்தனார் எழுதியிருந்ததும் அதேதான். எழுத்துக்கு எழுத்து.

ஆய்வாளர் திரையை டீச்சர் பக்கம் திருப்பினார். "இப்போ படிங்க. மாஸ்டர் போன் என்னன்னு கத்துச்சு?"

"கிளிமூக்கு. ள." என்றாள். "சரியா இருக்கு."

"சரியா இருந்ததாலதான் அவருக்குக் கதவு திறக்கல. உங்க வீட்டுக்காரர் பெட்டியில அடிச்சு வச்சது என்ன?"

"கிழிமூக்கு. ழ."

"காதால கேட்டவங்களுக்கு எந்த ‘ளி’ன்னு தெரியாது. தமிழ் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவங்க யாரும் அந்த வீட்டுக்குள்ள போயிருக்க முடியாது. உங்களால கூட முடியாது டீச்சர். நீங்க அடிச்சிருந்தா ‘ள’தான் போட்டிருப்பீங்க. அப்போ யார் போயிருக்க முடியும்? இவர் செய்யற தப்பை இவர் மாதிரியே செய்யறவங்க. ஒரே வீட்ல வளர்ந்து, ஒரே பலகையில எழுதிப் பழகினவங்க." ஆய்வாளர் நாத்தனாரைப் பார்த்தார். "உங்க போன் இன்னும் ‘கிழிமூக்கு’ன்னுதான் கூப்பிட்டுட்டு இருக்கும்மா. கை பட்டு ஒரு எழுத்து விழும். ழகரத்தோட ஒரு பேரே விழாது."

கணவன் தங்கையைப் பார்த்தான். "படிக்கட்டுல உன்கிட்டதானே சொன்னேன்" என்றான் மெதுவாக.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாண போட்டோ பார்க்கத்தான் நுழைஞ்சேன் அண்ணி. அந்தத் தாள் கண்ணுல பட்டுடுச்சு. பொண்ணு தமிழ்ல ரெண்டு தடவை தோத்துட்டா. நேரா கொடுத்தா எங்கேருந்துன்னு கேப்பா. அவ சிநேகிதிங்க அஞ்சு பேர் இருக்கற குழுவுல, வேற பேர்ல போட்டேன். அஞ்சு பேரோட நிக்கும்னு நினைச்சேன்."

"நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்" என்றாள் டீச்சர்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். நம்ம நெட்டுதான் யாருக்கும் தெரியாதுன்னு அண்ணன் சொன்னாரே."

பன்னிரண்டுக்கு வண்டி வந்தது. ஆய்வாளர் வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசினார். வண்டி வெறுமனே திரும்பியது. பக்கத்துப் போர்ஷனில் நாத்தனாரின் மகள் விசும்பும் சத்தம் சுவர் வழியே கேட்டது.

மாலை 5.30.

ஆய்வாளர் இணையப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் திருப்பிக் கொடுக்க வந்தார். வட்டு வழக்குக்காக அவரிடமே இருந்தது.

"பேரை வெளிய காட்டுங்க. நீளமா ஒரு பாஸ்வேர்டு போடுங்க, யாரும் ஊகிக்க முடியாததா. பழைய பேரை எல்லா போன்லேருந்தும் அழிங்க. வீட்டைத் தெரியறதுல ஆபத்து இல்ல சார். பூட்டாம விடறதுலதான்."

கணவன் விசைப்பலகையில் கை வைத்தான். டீச்சர் அந்தக் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தாள். தானே அடித்தாள். கிளிமூக்கு. கடவுச்சொல்லை அடித்தபோது அவன் எட்டிப் பார்த்தான். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மாடியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "டீச்சர், இப்போ எனக்குத் தெரியுது. பூட்டு போட்டிருக்கு."

"அப்படியே இருக்கட்டும் சார்."

காவலரின் நாற்காலி போய்விட்டது. வாசல் திறந்திருந்தது. ஆனாலும் டீச்சர் அதைத் தாண்டவில்லை. தாண்டினால் பக்கத்துப் போர்ஷனின் கதவைப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து சீட்டைப் பிரித்து, தடயப் பைக்குள் நுழைத்தார். இரண்டு முனகலோடு கிளம்பியவரை டீச்சர் கூப்பிட்டாள்.

"மேடம், அந்தச் சிவப்பு வட்டத்தைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

"ஏன்?"

"குழித்துவிட்டு வருகிறேன்னு எழுதினா. அதுல பிழையே இல்ல."