சொன்னால் செத்துவிடுவார்!

டெலிபோன் அடித்தது.

ட்ரிங்... ட்ரிங்...

மருதமுத்து கண் விழித்தார். காலை பத்தரை மணி. கூடத்தில் யாருமில்லை. பின்பக்கம் தமயந்தி துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ட்ரிங்... ட்ரிங்...

எழுந்து போகலாமா?

கூடாது என்பது தமயந்தியின் சட்டம். ஆனால் ஒரு புதுக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு எழுந்தார். இருமினாலும் எழுந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சென்னை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். தொண்டைக்குழிக்குக் கீழே ஆரம்பித்து மேல்வயிறு வரை தையல். உள்ளே, பிளந்த எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதற்கும் உள்ளே, பழுதான வால்வை எடுத்துவிட்டுப் புது வால்வு வைத்திருந்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது.

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

வாயில் துணியை வைத்துப் பேசுவது போல ஒரு கரகரத்த குரல்.

"உன் சிநேகிதன் சிங்காரவேலு இப்ப எங்க இருக்கான் தெரியுமா? அவன்..."

டக்!

சோப்பு நுரையோடு ஓர் ஈரக்கை போனை அமுக்கியது.

தமயந்தி!

"ராங் நம்பருங்க."

"இல்ல... சிங்காரவேலு பேரைச் சொன்னான்!"

"மாத்திரை மயக்கம்ங்க. உங்க காதுல அப்படி விழுந்திருக்கும். வாங்க, வந்து படுங்க."

அவர் கையிலிருந்த ரிசீவரை வாங்கியவள், அதைத் திரும்ப வைக்காமல் மேஜையில் தனியே கிடத்தினாள்.

அன்று மதியமே எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்து போனைக் கழற்றிக்கொண்டு போனான்.

ரிப்பேராம்!

மருதமுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நெய்வேலி, பதினோராவது பிளாக் குவார்ட்டர்ஸ். வருஷம் 1984. மைன்ஸில், கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட் பிரிவு அசிஸ்டென்ட் இன்ஜினீயர். இருபது வருஷ சர்வீஸ். பிள்ளை குட்டி கிடையாது.

ஷிஃப்ட் சங்கு மூன்று வேளையும் ஊதியது. பஸ்கள் ஆளை ஏற்றிக்கொண்டு போயின, இறக்கிவிட்டு வந்தன. அவருக்கு மட்டும் எந்த ஷிஃப்டும் இல்லை.

'அதிர்ச்சி கூடாது. மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது' என்று டாக்டர் சொன்னாராம். முதல் வாரம் கேட் வரைக்கும் செருப்புச் சத்தங்கள் வந்தன. தமயந்தியோடு ஏதோ கிசுகிசுத்துவிட்டுத் திரும்பிப் போயின. பிறகு அதுவும் நின்று போனது.

தமயந்தியாவது பேசுவாளா? கஞ்சி கொடுப்பாள். மாத்திரை கொடுப்பாள். கட்டிலை விட்டு இறங்க விடாமல் பெட்பேன் வைத்து எடுப்பாள். வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்து விடுவாள். எல்லாம் கச்சிதம்! ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். இவர் ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் சிங்காரவேலின் கடிதம்தான்.

சிங்காரவேல் அவர் பிரிவில் ஃபோர்மேன். மனைவியை இழந்தவர். பதினெட்டு வருஷப் பழக்கம். நெஞ்சுவலி வந்த அன்று ஸ்கூட்டரில் உட்கார வைத்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவர்தான். சென்னைக்கு அனுப்பும் வரை நாலு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்ததும் அவர்தான்.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது தமயந்தி சொன்னாள்... "அவரை ஒரிசா பக்கம் தால்ச்சேர் மைன்ஸுக்கு டெபுடேஷன்ல அனுப்பிட்டாங்கங்க."

வாரம் ஒரு கடிதம் வந்தது. கையில் அடிபட்டுவிட்டதாம், பக்கத்து ரூம்காரரை எழுதச் சொல்கிறாராம். கவரைத் தமயந்தியே கிழித்துப் போட்டுவிடுவாள். தாள் மட்டும் கைக்கு வரும்.

ஒவ்வொன்றுக்கும் மருதமுத்து பதில் எழுதினார். தமயந்தி தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணி. விருத்தாம்பாள் சிஸ்டர் வந்தாள். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நர்ஸ். கம்மாபுரத்துக்காரி. தினமும் இதே நேரத்துக்குப் பின்வாசல் வழியாக வந்து பிரஷர் பார்த்து, தையலைத் துடைத்து, புதுக் கட்டுப் போட்டுவிட்டுப் போவாள்.

"சார் இன்னிக்கு ஜோரா கீறாரு!" என்று சிரித்தவள், சமையலறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

மருதமுத்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"எத்தினி நாளிக்குமா இப்படியே மறைச்சிகினு இருக்கறது?"

"மூணு மாசம் முடியட்டும் சிஸ்டர். அதுக்குள்ள தெரிஞ்சா... அவ்வளவுதான்!"

"எனுக்கே பயமா கீதும்மா."

"மெதுவா... அவர் முழிச்சுக்கிட்டுதான் இருக்கார்."

மருதமுத்துவின் புது வால்வு தடதடத்தது.

எதை மறைக்கிறார்கள்? மூன்று மாதம் முடிந்தால் என்ன? போனைப் பிடுங்கியாயிற்று. ஆட்களை வரவிடாமல் செய்தாயிற்று. அடுத்தது...?

அடுத்த நாள் தமயந்தி மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வழக்கம் போல முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள்.

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் மருதமுத்து எழுந்தார். பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு அடியில் கை விட்டார்.

நாலு கவர்கள்!

பெறுநர்... திரு. சிங்காரவேல், தால்ச்சேர். அவருடைய கையெழுத்துதான். ஒவ்வொன்றும் கிழித்துப் படிக்கப்பட்டிருந்தது.

ஒன்றைக்கூட அவள் தபாலில் போடவில்லை!

கட்டிலில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்தவள்! இந்த ஊரில் அவருக்கென்று இனி யார் இருக்கிறார்கள்?

"ஏனுங்க மருதமுத்து..."

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம். வழுக்கைத் தலை, சந்தனப் பொட்டு. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

ஸ்டோர்ஸ் ஆபீசர் பழனிசாமி! கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். நாலு தெரு தள்ளி வீடு.

"பழனிசாமி! வாங்க... வாங்க!"

"எங்கீங்க வர்றது? வெளிய பூட்டியிருக்குதுங்களே!"

"பின்பக்கம் வாங்க. தாழ்ப்பாள் உள்ளதான் இருக்கு, திறக்கிறேன்."

பழனிசாமி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருதமுத்து பின்கதவைச் சாத்தக்கூட மறந்து, பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னை எப்படியாவது இங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிடுங்க பழனிசாமி! தமயந்தியும் அந்த நர்ஸும் சேர்ந்து என்னமோ பண்றாங்க..."

"பதறாதீங்க. நானிருக்கறனுங்க." பழனிசாமி முன்னால் குனிந்தார். "சிங்காரவேலு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானுங்களா? ஆபரேஷனுக்கு முன்னால?"

"ஆபரேஷனுக்கு முன்னாலயா? இப்பவும் வாராவாரம் எழுதறாரே!"

பழனிசாமியின் முகம் வெளுத்தது.

"எ... எழுதறானா? யாரு?"

"சிங்காரவேலுதான்! போன வாரம்கூட வந்துச்சு. முக்கியமான ஒரு விஷயம் இருக்காம், நேர்ல வந்து சொல்றாராம்."

"எங்கிருந்து எழுதறான்?" குரல் கிறீச்சிட்டது. "குடுங்க, பாக்கறேன்!"

தலையணைக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். பழனிசாமி படபடவென்று பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் ரத்தம் திரும்பியது. கடைசியில்... சிரித்தார்!

"நல்லா வட்ட வட்டமாப் பொம்பளைக் கையெழுத்து! உம்ம சம்சாரம் கெட்டிக்காரிதான்."

"என்ன சொல்றீங்க?"

பழனிசாமி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்.

"சிங்காரவேலு செத்துப்போனானுங்க."

மருதமுத்துவுக்குக் காதில் எதுவும் விழவில்லை. பழனிசாமியின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"உமக்கு நெஞ்சைக் கிழிச்சாங்களே, அன்னிக்கேதான். கன்வேயர் நடைபாதையில இருந்து கீழ விழுந்துட்டான். அறுபதடி! மூஞ்சி அடையாளமே தெரியலீங்க..."

சொல்லிவிட்டுப் பழனிசாமி காத்திருந்தார். மருதமுத்துவின் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

மருதமுத்து நெஞ்சைப் பிடித்தார். கண் இருட்டியது. வேர்த்தது. வால்வு ஒரு துடிப்பைத் தவறவிட்டது... பிடித்துக்கொண்டது... மறுபடி ஓடியது!

அவர் சாகவில்லை. அழுதார். சத்தமில்லாமல், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

பழனிசாமிக்கு ஏமாற்றம். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்தினால்...?

"விழறப்ப உம்ம பேரைச் சொல்லித்தான் கத்துனான்! 'மருதமுத்து சார்... மருதமுத்து சார்'னு. உம்மாலதானுங்க அவன் செத்தான்!"

மருதமுத்து தலையை நிமிர்த்தினார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் இருபது வருஷம் மைன்ஸில் விபத்து ரிப்போர்ட் எழுதிய மூளை அது.

"அவர் கத்தினதை... யார் கேட்டா?"

பழனிசாமி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

ஜன்னலிலிருந்து வேறொரு குரல் வந்தது.

"சொல்லுங்கண்ணே! யார் கேட்டா?"

தமயந்தி! கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த மாத்திரைப் பொட்டலம் கசங்கியது.

"அவர் தனியா இருந்தப்பதான் விழுந்தாருன்னு போலீஸ் சொல்லுச்சு. ஷிஃப்ட் மாறும்போதுதான் பார்த்தாங்க. நீங்க அன்னிக்குப் பண்ருட்டியில கல்யாணத்துல இருந்ததா ஊரெல்லாம் சொன்னீங்க!"

பழனிசாமி எழுந்தார். பொட்டு வைத்த நெற்றியில் வியர்வை.

"ஸ்டோர்ஸ்ல இருந்து செம்புக் கேபிள் வெளிய போறதை அவன் மோப்பம் புடிச்சான். 'மருதமுத்து சார்கிட்ட சொல்லிட்டேன்'னு என்னையே மிரட்டுனான். தள்ளி விட்டேன்!" மருதமுத்துவின் கையிலிருந்த தலையணையைப் பிடுங்கினார். "சேதி சொல்லியே கொன்னா எவனும் கேஸ் போடமாட்டான்னு போன் போட்டுப் பாத்தேன், நடக்கல, நேர்ல வந்தேன். நீ சாவமாட்டேங்கறியே!"

"என்னங்க!"

தமயந்தி வாசலுக்கு ஓடினாள். சாவி பூட்டுக்குள் நுழையாமல் தடுமாறியது. உள்ளே தலையணை மருதமுத்துவின் முகத்தில் இறங்கியது. கையைத் தூக்கினார். நெஞ்செலும்பில் கம்பி நெரித்தது. மூச்சு... மூச்சு இல்லை...

ணங்!

தலையணை நழுவியது. பழனிசாமி இரண்டாக மடிந்து தரையில் சரிந்தார்.

பின்னால் விருத்தாம்பாள் சிஸ்டர் மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"நல்லவேளை, பின்கதவு திறந்து கெடந்துச்சி. மூச்ச மெள்ள இஸ்து வுடுங்க சார்... அப்படித்தான்... இன்னொருக்கா..."

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் குழந்தைவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்குள் சிஸ்டர் பழனிசாமியின் மண்டைக்குக் கட்டுப் போட்டு, மீதி பேண்டேஜால் கையையும் கட்டிவிட்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

மருதமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"சிங்காரவேலு காரியத்துக்கு யார் போனா?" என்று கேட்டார்.

"நான் உங்ககூட மெட்ராஸ்ல இருந்தேன்." தமயந்தி தரையைப் பார்த்தாள். "சிஸ்டர்தான் போனாங்க."

"வராந்தாவுலயே படுத்துகினு கெடந்த மன்சன் சார்," என்றாள் விருத்தாம்பாள். "அவருக்கும் யாருமில்ல. உங்களுக்குப் பதிலா நாம போயி நிக்கலாம்னு போயி நின்னேன். மாலை ஒண்ணு உங்க பேர்ல போட்டேன்."

மருதமுத்து படுக்கையில் கிடந்த கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"கடிதம்?"

"நான் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதினாங்க. 'முக்கியமான விஷயம், நேர்ல வந்து சொல்றேன்'னு போட்டா அதுக்காகவாவது தெம்பாக் காத்திருப்பீங்கன்னு நினைச்சேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியுமே. சொன்னா உங்க உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் பயமுறுத்திட்டாருங்க. போன்ல எவனோ சொல்ல வந்ததும் எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சு. கழட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"நான் எழுதினதையெல்லாம் படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." அவள் குரல் உடைந்தது. "'தமயந்தி என்கூடப் பேசவே மாட்டேங்கறா, இந்த வீட்ல நான் தன்னந்தனியாக் கிடக்கேன்'னு எழுதியிருந்தீங்க. படிச்சிட்டுப் பின்பக்கம் போயி உட்கார்ந்து அழுதேன். வாயைத் திறந்தா உங்க முன்னாலயும் அழுதுடுவேனோன்னு பயம். அதான் பேசல. எனக்கு மட்டும் யார் இருந்தாங்க, பேசறதுக்கு?"

மருதமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வாரமாக அவரைத் துடைத்து, தூக்கி, திருப்பிப் போட்ட கை. இன்றைக்குத்தான் அவர் அதைப் பிடிக்கிறார்.

இன்ஸ்பெக்டர் நோட்டோடு உள்ளே வந்து தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், ஒரே ஒரு விவரம் பாக்கி. ஆளை எதால அடிச்சீங்க?"

விருத்தாம்பாள் நெளிந்தாள்.

"அவசரத்துல கைக்கு அகப்பட்டது அதான் சார்..." கட்டிலுக்கு அடியில் குனிந்து எடுத்து நீட்டினாள்.

எவர்சில்வர் பெட்பேன்! ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வாங்கினார்.

"சாட்சிப் பொருள். கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்லதான் இருக்கும்."

"ஐயோ, அப்ப சாரு என்ன பண்ணுவாரு?" என்று பதறினாள் சிஸ்டர்.

மருதமுத்து போர்வையை விலக்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.

"அதுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியுமா சிஸ்டர்? நான் பாத்ரூமுக்கே நடந்து போய்க்கறேன்!"