கூரைமேல் பெருக்குபவள்

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் ஓவியர் வீட்டுக் கூடத்தின் உட்கூரையில் இருந்த செம்பு முள் மெல்ல நகர்ந்து, வாசல் பக்கம் திரும்பி நின்றது.

வாசலில் அம்மா. கையில் நுழைவுச்சீட்டு.

செத்துப்போன அந்த ஓவியரின் வீடு இப்போது அருங்காட்சியகம். மகள் அதில் வழிகாட்டி. இன்று சரியாகப் பேசினால் வேலை நிரந்தரம். அதைப் பார்க்கத்தான் பொறுப்பாளர் பார்வையாளர் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். இதே வீட்டை அம்மா பதினோரு வருடம் பெருக்கித் துடைத்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படித்து வாங்கிய வேலை. வேலைக்காரி மகள் என்று ஒருவன் இளிக்க விடுவாளா?

"மேடம், கூட்டத்தோட சேர்ந்து நில்லுங்க," என்றாள்.

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரிங்க," என்று ஓரமாகப் போய் நின்றாள்.

மகளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் மனப்பாடத்தைத் தொடர்ந்தாள்.

"கூரைமேல காத்துதிசைகாட்டி இருக்கு. மத்த இடத்துல சேவல் வைப்பாங்க. இங்க, குனிஞ்சு பெருக்குற ஒரு செம்புப் பொம்பளை. அவ நிக்கிற கம்பி கூரையத் துளைச்சு இங்க வரைக்கும் இறங்குது. மேல அவ திரும்பினா, கீழ இந்த முள் திரும்பும்."

"யாரு அது, அவரு சம்சாரமா?" என்றார் கூட்டத்தில் இருந்த ஒரு தொப்பிக்காரர்.

"சம்சாரமா இருந்தா அவருல்ல குனிஞ்சிருப்பாரு," என்றாள் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்த வீட்டில் ஓவியர் எச்சில் பண்ணிய கோப்பைக்குக்கூடப் பெயர் அட்டை உண்டு. கூரையில் நிற்பவளுக்கு இல்லை. ஆனால் இடது தோள் சற்றே தூக்கிய அந்த முதுகை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

"யாரோ வேலைக்காரி," என்றாள். "பேரு தெரியாது."

அப்போதுதான் மேலே அந்தச் சத்தம் தொடங்கியது: துருப்பிடித்த இரும்பு இரும்பை நறநறவென்று கடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சுவருக்குள் இறங்கிவரும் சத்தம், கூடவே ஈரத் தரையும் பழந்துணியும் கலந்த வாடை, சின்ன வயதில் அம்மாவின் கையில் அடித்த அதே வாடை. முள் சுழன்று அவளைக் காட்டியது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். முள்ளும் நகர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள். அங்கேயும் வந்தது.

யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டிருந்தது, யாரோ பிடரியில் கைவைத்து அழுத்துவதைப்போல.

ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த அறைக்குப் போகலாம்," என்றாள்.

தோட்டத்துக்கு வந்தபோது பொறுப்பாளர் அவளுடைய நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார். "எட்டுப் பேரு உள்ள போனாங்க. ஏழு பேருதான் வந்திருக்காங்க. அந்த ஓரமா நின்ன அம்மா எங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள்.

"தெரியாது சார்."

சரக். சரக்.

கூரையில் யாரோ பெருக்கினார்கள்.

அவள் நிமிர்ந்தாள். கம்பியின் உச்சியில் குனிந்த முதுகு. களிம்பு பிடித்த பச்சை இல்லை. தோல். வெடித்த குதிகால்கள். அடிவயிற்றில் இறங்கியிருந்த கம்பி.

சரக்.

காற்றில்லை.

"அம்மா," என்றாள். பிறகு பொறுப்பாளர், தொப்பிக்காரர், அவர் மனைவி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள். "அம்மா! அது எங்கம்மா!"

துடைப்பம் நின்றது.

கம்பி நறநறத்தது. கூரையில் இருந்தது மெல்ல நிமிர்ந்து, அவள் பக்கம் முழுவதுமாகத் திரும்பியது. கண் இல்லை. மூக்கில்லை. வாயில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை யாரோ அழுத்தித் துடைத்துவிட்டிருந்தார்கள். இன்னும் ஈரம் காயவில்லை.